பதினோராவது தட்டின் கடைசிப் பக்கம்

இசை விஷயத்தில் நீதிபதி சொன்ன தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அப்படி ஒரு காலம் இருந்தது. பெயர்தான் நீதிபதி, பிழைப்புக்கு அவர் செய்தது பல் செட். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோரம் அவருடைய மேசை. மேலே மெழுகு உருக்கும் விளக்கு, குட்டிக் குட்டிக் கத்திகள், பிளாஸ்டரில் வார்த்த வாய்கள் வரிசையாக. முப்பத்தைந்து வருடமாக ஊராருக்குச் சிரிப்பு செய்து கொடுப்பவர், தன் சிரிப்பை மட்டும் ரொம்பச் சிக்கனமாகத்தான் செலவு செய்வார்.

ப்ரோக்ரஸிவ் ராக் என்று ஒரு வகை இசை உண்டு. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். பாடகர் நாலு வரி பாடிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அவர் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் தாளத்தை ஏழாக்கி, பதினொன்றாக்கி, விரல் விட்டு எண்ணினாலும் பிடிபடாத இடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். கேட்பவர்களில் நூறு பேருக்கு ஒருவர் சொக்கிப்போவார், மீதிப் பேர் தலைவலி மாத்திரை தேடுவார்கள். அந்த ஒருவர்களில் ஐந்து பேர் ஒரே ஊரில் வாய்த்தது அதிசயம்தான். லாண்டரிக்காரர், பஸ் டிரைவர், வேதியியல் டீச்சர், நீதிபதி, பிறகு நீதிபதியின் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பூட்டிய லாண்டரிக்குள், இஸ்திரி மேசைகளைச் சுற்றி இவர்கள் கூடுவார்கள். கேட்டதைப் பற்றி நாலு பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, வெளியூரில் இருந்த நாற்பது பேருக்குத் தபாலில் அனுப்புவார்கள். அதில் தீர்ப்பு எழுதியவர் என்பதால் அவர் நீதிபதி ஆனார்.

இவர்கள் கும்பிட்ட குழு ஒன்று உண்டு. முதல் பத்து இசைத்தட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பதினோராவது வந்தபோதுதான் வினை வந்தது. பழைய பாடகர் விலகி, யாரோ ஒரு புதியவர் வந்திருந்தார். டிரம்ஸ் பாதி இடங்களில் மெஷின். உலகத்தில் எங்கெல்லாம் அந்தக் குழுவுக்கு ரசிகர்கள் இருந்தார்களோ அங்கெல்லாம் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி, குழு செத்துப்போய்விட்டது என்றது. மறுபாதி, இப்போதுதான் பிறந்திருக்கிறது என்றது.

அந்தத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பகுதியாக நாலு பக்கம் ஓடும் இரட்டைத் தட்டு, இந்த ஊரில் முதலில் கிடைத்தது மச்சானுக்கு. அவரிடமிருந்து இரவல் வாங்கி, வட்டத்தில் எல்லாருக்கும் கேசட்டில் பதிவு செய்து கொடுத்தவர் நீதிபதி. கொடுத்த கையோடு தீர்ப்பும் எழுதினார். பாதியில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு வீட்டு வழி மறந்த ஆள் மாதிரி தெருத்தெருவாக அலைகிறது, கடைசியில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே நின்றுவிடுகிறது என்று கிழித்துத் தொங்கவிட்டார். மச்சானோ, கடைசிப் பக்கத்தைக் கேட்டு அழுதுவிட்டேன் என்றார். கடைசிப் பக்கத்தில் அழுவதற்கு என்ன இருக்கிறது, அது அந்தரத்தில் அல்லவா தொங்குகிறது என்றார் நீதிபதி. இரண்டு ஞாயிறு இந்தச் சண்டை நடந்தது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நீதிபதி தன் கட்டுரையின் முடிவில் ஒரு வரி சேர்த்தார்: "நாள் முழுக்க லிஃப்ட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பவருக்கு, எங்கும் போய்ச் சேராத இசை பிடித்துப்போனதில் வியப்பென்ன?"

நாற்பது பேர் சிரித்தார்கள். தபாலில் பாராட்டு வந்தது. ஒரு கல்யாண வீட்டில், புதுச் சட்டை போட்டு வந்த மச்சானைப் பார்த்து டிரைவர், "வாங்க, எங்கயும் போய்ச் சேராதவரே" என்றார். மச்சானும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் லாண்டரிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முப்பத்தொரு வருடம் வரவில்லை.

உறவை முறித்துக்கொள்ளவில்லை. முறித்திருந்தால் யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள். நல்லது கெட்டதுக்கு வந்தார், மொய் எழுதினார், "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தார். தங்கைக்கு ஏதாவது கொடுக்க வந்தால் வாசலோடு சரி. வேலை இருக்கிறது என்பார். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் ஒரே சமயத்தில் பழுதானதுபோல அவருக்கு எப்போதும் வேலை இருந்தது.

"அண்ணன் இந்த வீட்டுல கடைசியா உக்காந்த தேதி எனக்குத் தெரியும்" என்பாள் மனைவி, வருடத்துக்கு ஒருமுறை. "நீங்க ரெண்டு பேரும் அப்படி எதுக்குச் சண்டை போட்டீங்கன்னுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"எல்லாம் இசை விஷயம்" என்பார் நீதிபதி. பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

இந்த வருடம் அந்தக் குழு, எல்லாரும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள், இனி மேடை ஏறப்போவதில்லை என்று அறிவித்தது. பழைய தட்டுகளையெல்லாம் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள். பதினோராவதைப் பற்றி உலகம் முழுக்கப் பழைய சண்டை புதுசாகக் கிளம்பியது. அப்போது திட்டியவர்களில் பலர், அவசரப்பட்டுவிட்டோமோ என்று எழுத ஆரம்பித்தார்கள். டிரைவர் கைப்பேசிக் குழுவில் போட்டார்: "நாமளும் மறுவிசாரணை வச்சா என்ன?" டீச்சர் உடனே, "வச்சா அஞ்சு பேரும் இருக்கணும். நான் போய்க் கூப்பிடுறேன்" என்று பதில் போட்டார். போய்க் கூப்பிட்டும்விட்டார். மச்சான், "தட்டை எடுத்துட்டு வரேன்" என்றாராம்.

நீதிபதி அந்தப் பழைய தீர்ப்பின் ஜெராக்ஸைத் தேட ஆரம்பித்தார். காரணம், மறுவிசாரணைக்கு வட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. பழைய தீர்ப்பை எழுதியவர், எழுந்து நின்று, அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் வாசிக்கவேண்டும். பிறகுதான் ஊசியைத் தட்டில் வைக்கலாம். சட்டம் போட்டவர் வேறு யாருமில்லை, நீதிபதியேதான். ஒருமுறை டீச்சர் தன் பழைய கருத்தை நைசாக மாற்றிப் பேசியபோது, அவரை மடக்குவதற்காகப் போட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை. ஒரு பெரியவருக்குக் கீழ்ச் செட் முடிக்கவேண்டியிருந்தது. நீதிபதி தட்டைக் கேட்டுத் தயாராகலாம் என்று, கைப்பேசியில் பதினோராவதைப் போட்டுவிட்டு, பல்லைச் சுற்றிய சிவப்பு மெழுகைச் செதுக்கத் தொடங்கினார். முதல் பகுதி அப்படியே இருந்தது. புதுப் பாடகரின் மூக்கடைத்த குரல் இன்னும் எரிச்சலூட்டியது. இரண்டாவது பகுதி டிரம்ஸ் இடியோடு தொடங்கும் என்று அவர் காது காத்திருந்தது. வந்தது ஒற்றைப் புல்லாங்குழல்.

கைப்பேசி வரிசையைக் கலைத்துப் போடுகிறது என்று நினைத்தார். எடுத்துப் பார்த்தார். கலைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு ஒழுங்காக இருந்தது. அவர் இரண்டாவது என்று முப்பத்தொரு வருடமாக நம்பியிருந்த இடி, நான்காவதாக நின்றது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். மூன்றாவது பகுதி அந்தரத்தில் நின்றது, அவர் திட்டிய அதே இடத்தில். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான்காவது, விட்ட அதே சுரத்தைக் கையால் எடுப்பதுபோல எடுத்து, இடித்து, அலைந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வீடு சேர்த்தது. நீதிபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழகாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

எங்கே தப்பு நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருவகைத் தட்டு இயந்திரம் இருந்தது. இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழும், பிறகு இரண்டையும் ஒன்றாகத் திருப்பி வைத்தால் மீதி இரண்டு பக்கம் ஓடும். அதற்காக, முதல் தட்டின் முதுகில் இரண்டாம் பக்கத்தை வைக்காமல் நான்காம் பக்கத்தை வைப்பார்கள். இரண்டும் மூன்றும் அடுத்த தட்டில். நீதிபதியிடம் இருந்தது சாதாரண இயந்திரம். முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டார், கேசட் ஓடியது. பக்க எண்ணைப் பார்த்திருக்கலாமே என்றால், அந்தக் குழுவின் மேதைகள் எண் போடவில்லை. வெறும் நிறம்தான்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம். வரிசை அட்டை உறையின் உள்ளே அச்சடித்திருந்தது. உறை அவரிடம் இல்லை. மச்சான் தட்டை இரவல் கொடுப்பார், உறையைக் கொடுக்கமாட்டார். ஓரம் மடங்கிவிடும் என்று பயம். பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் தருவார்.

எதிரே பிளாஸ்டர் வாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டிலும் பென்சிலால் எண் எழுதாமல் அவர் ஓர் அச்சைக்கூட மேசையில் வைத்ததில்லை. ஒருவர் மேல் தாடைக்கு இன்னொருவர் கீழ்த் தாடையைப் பொருத்தினால் கடி சேராது என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர். கடி சேராத கேசட்டை மூன்று பேருக்குக் கொடுத்து, கடி சேரவில்லை என்று தட்டையே குற்றம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியவேண்டாம். வயதாக ஆக என் காதும் பக்குவப்பட்டிருக்கிறது, இன்று இந்த இசை எனக்குத் திறக்கிறது என்று ரெண்டு வரி சொன்னால் போதும். பெருந்தன்மை என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். யோசனை நன்றாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் மனைவியைப் பார்க்கும்வரை நன்றாக இருந்தது.

"நாளைக்கு அண்ணன் வராரா?"

"வராராம்."

"நல்லபடியா பேசுங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் இவ்வளவு குறைவாகப் பேசினால் நிறைய எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லாண்டரிக்குள் கஞ்சி வாசனையும் சூடும் அப்படியே இருந்தன. மேலே கொக்கியில் யாரோ ஒருவரின் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. லாண்டரிக்காரர் எல்லாருக்கும் டீ ஊற்றினார். டிரைவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், உட்கார்ந்ததும் இடது கை தானாகக் கியரைத் தேடியது. டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் சரியாக மூன்றுக்கு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் பிளாஸ்டிக் பைக்குள் துணிப்பை, துணிப்பைக்குள் தட்டு. உறையோடு. உறை இன்று அச்சடித்ததுபோல் இருந்தது.

"நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை" என்றார்.

"இருக்கேன் மச்சான்" என்றார் நீதிபதி. இந்த முறை பதிலுக்கு அவர் காத்திருந்ததுபோல் பட்டது.

"ம், சட்டப்படி நடக்கட்டும்" என்றார் டீச்சர். பல வருடத்துக் கடனைத் தீர்க்கும் குஷி அவர் குரலில் இருந்தது.

நீதிபதி எழுந்தார். மஞ்சளாகிப்போன ஜெராக்ஸ் தாளைப் பிரித்தார். தன் எழுத்து இவ்வளவு பீற்றலாக இருந்ததா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. பாதியில் உச்சம் என்பதை வாசித்தார். வீட்டு வழி மறந்த ஆளை வாசித்தார். டிரைவர், "அடேயப்பா, என்னா எழுத்துய்யா" என்றார். அந்தரத்தில் தொங்குகிறது என்பதை வாசித்தார். அடுத்தது அந்த வரி. டிரைவருக்கு அது மனப்பாடம். அவர் முகம் இருண்டதிலிருந்து தெரிந்தது. மச்சான் டீத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி தாளை மடித்தார்.

"இதுக்கு மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் உங்களுக்குப் பதிஞ்சு குடுத்த கேசட் வரிசை மாறிப் பதிஞ்சது. ஒண்ணு, நாலு, ரெண்டு, மூணு. நேத்துதான் கண்டுபிடிச்சேன். நாம யாருமே இந்தத் தட்டை ஒழுங்கா கேட்டதில்ல. மச்சான் ஒருத்தரைத் தவிர."

டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அடப்பாவி மனுஷா" என்றார்.

"முப்பத்தொரு வருஷமா அந்த கேசட்டைப் போட்டுத்தான் நான் இஸ்திரி போடுறேன்" என்றார் லாண்டரிக்காரர். "மூணு தடவை டேப் அறுந்து ஒட்டியிருக்கேன்." தன்னை ஏமாற்றியது கேசட்டா ஆளா என்று தெரியாதவர் போல அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

டிரைவருக்கு யார் மேலாவது பழி போட்டால்தான் மூச்சு விடமுடியும். "நிறத்தை வச்சு எவன் வரிசை கண்டுபிடிக்க முடியும்? உறை இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. உறையை யாரு குடுக்கல?" என்று மச்சானைப் பார்த்தார்.

மச்சான் தலையாட்டினார். "ஆமா. நான்தான் குடுக்கல. ஓரம் மடங்கிடும்னு." ஒரு நிமிடம் எதையோ கணக்குப் போட்டார். "அப்ப நீங்க கடைசிப் பக்கம்னு சொன்னது நீலத்தை. நான் சொன்னது கறுப்பை."

"ஆமா."

"ரெண்டு வாரம் தொண்டை வத்தச் சண்டை போட்டோமே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே வந்தது. டீச்சர் சேர்ந்துகொண்டார், லாண்டரிக்காரர் சேர்ந்துகொண்டார். கோட்டுகளுக்கு அடியில் ஐந்து கிழடுகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார், ஆனால் மடித்த தாள் கையிலேயே இருந்தது.

"எனக்கு அந்த கேசட்டைப் போட்டுக் காட்டுங்க" என்றார் மச்சான். "நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாதே."

லாண்டரிக்காரர் கேசட்டைப் போட்டார். மூன்று இடத்தில் ஒட்டுப் போட்ட சத்தம் கேட்டது. வெள்ளை முடிந்து கறுப்பு இடித்தபோது மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சிவப்பில் புல்லாங்குழல் வந்தபோது, சாப்பிட்டு முடித்தவனுக்கு மறுபடி இலை போட்டதுபோல் முகத்தைச் சுளித்தார். நீலம் அந்தரத்தில் நின்றதும் காத்திருந்தார். கேசட் டக்கென்று நின்றது.

"இதைக் கேட்டிருந்தா நானும் திட்டித்தான் எழுதியிருப்பேன்" என்றார்.

பிறகு அவருடைய தட்டை, உறையைப் பார்த்துப் பார்த்து, சரியான வரிசையில் போட்டார்கள். வெளியே தெருவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கறுப்புப் பக்கம் வந்தபோது டிரைவரின் இடது கை கியரை மறந்து மேசையில் அப்படியே கிடந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் ஊசி உரசும் சத்தம் மட்டும் இருந்தது.

உடனே எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது கதை. டீச்சர், பாடகர் அன்றும் சகிக்கவில்லை இன்றும் சகிக்கவில்லை, ஆனால் முடிவு பிரமாதம் என்றார். டிரைவர் மொத்தமாகக் கட்சி மாறினார். அவர் எப்போதும் அப்படித்தான். லாண்டரிக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி, "எனக்குப் பழைய வரிசைதாங்க நல்லா இருக்கு. கடைசியில அந்தரத்துல நிக்குதே, அப்பதான் அடுத்த சட்டையை எடுக்கத் தோணும்" என்றார். யாரும் அவரை மறுக்கவில்லை.

"சரி, தீர்ப்பு ரத்து" என்றார் டிரைவர். "எல்லாம் டேப் பண்ண வேலை. ஒருத்தர் மேலயும் குத்தமில்ல. என்ன?"

"ஆமா. எல்லாம் டேப்போட தப்பு" என்றார் மச்சான். தட்டைத் துடைத்து, உள்ளுறையில் போட்டு, வெளியுறையில் நுழைத்து, துணிப்பையை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, முப்பத்தொரு வருடத்துக்கு முன் கல்யாண வீட்டில் சிரித்த அதே சிரிப்பு. நீதிபதி அதை அடையாளம் கண்டுகொண்டார். பல்லை வைத்துப் பிழைப்பவருக்கு எந்தச் சிரிப்பு பல்லோடு நிற்கிறது என்று தெரியாமல் போகுமா?

இப்படியே விட்டுவிடலாம். எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள். மச்சான் அடுத்த ஞாயிறும் வரக்கூடும். வீட்டு வாசல்வரை வருவார். வாசலோடு போய்விடுவார்.

"இருங்க மச்சான்" என்றார் நீதிபதி. "இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."

"விடுங்க மாப்பிள்ளை. அதான் முடிஞ்சிடுச்சே."

"சட்டம்னா சட்டம். ஒரு சொல் விடக்கூடாது."

எழுந்து நின்று தாளைப் பிரித்தார். அந்த வரியை, மேலும் கீழும், எங்கும் போய்ச் சேராத, வியப்பென்ன, எல்லாவற்றையும், குரலைத் தாழ்த்தாமல் வாசித்தார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. தானும் இதற்குச் சிரித்தவர்தான் என்று டீச்சருக்கு நினைவு வந்திருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

"இது டேப்போட தப்பு இல்ல" என்றார் நீதிபதி. "நான் சரியான வரிசையில கேட்டிருந்தாலும் இதை எழுதியிருப்பேன். மூடுன கதவுக்கு வெளியில நின்னு, சத்தத்தை வச்சே எந்த மாடியில எந்த உருளை தேஞ்சிருக்குன்னு சொல்றவர் நீங்க. நம்ம அஞ்சு பேர்ல நல்ல காது உங்களுதுதான்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா பேனா என் கையில இருந்துச்சு. எல்லாரும் சிரிக்கணும்னு எழுதுனேன். சிரிச்சாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதுக்காக இப்ப மன்னிப்புக் கேக்குறேன். தட்டைப் பத்தி எழுதுனதுக்கு இல்ல. உங்களைப் பத்தி எழுதுனதுக்கு."

மச்சான் துணிப்பையை மேசைமேல் வைத்தார். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார்.

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும்" என்றார். "உள்ள ஆளுங்க பயந்து கத்துவாங்க. நான் மேல இருந்து கையால சுத்தி, இஞ்ச் இஞ்சா இறக்கி, கதவைத் திறந்து விடுவேன். அதுவரைக்கும் அதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. நீங்க எழுதுனதுக்கப்புறம், ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் அந்த வரிதான் ஞாபகம் வரும். எங்கயும் போய்ச் சேராதவன். ரிட்டயர் ஆகுற நாள் வரைக்கும் வந்துச்சு."

நீதிபதி கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்ல வரி" என்றார் மச்சான். "அதுதான் கஷ்டம்."

லாண்டரிக்காரர் எதற்கு என்றே தெரியாமல் எல்லாருடைய தம்ளரிலும் மறுபடி டீ ஊற்றினார். மச்சான் குடித்து முடித்தார். பிறகு துணிப்பையை எடுத்து, அதற்குள் கையை விட்டுத் தட்டு இருக்கிறதா என்று பார்த்து, உறையின் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்து, பையை நீதிபதியிடம் நீட்டினார்.

"உங்க மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுது மச்சான்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க. உறையோடவே எடுத்துட்டுப் போங்க. செவ்வாக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். உங்க மெஷின்ல கறுப்புப் பக்கம் எப்படிக் கேக்குதுன்னு உக்காந்து கேக்கணும்."

நீதிபதி ஸ்கூட்டரில் பையை மடியில் வைத்து, வழியெல்லாம் வேகத்தடைகளை நின்று நின்று ஏறி இறங்கி, பத்து நிமிட வழிக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவர் துணிப்பையிலிருந்து தட்டை உறையோடு பாதி வெளியே எடுத்துக் காட்டினார்.

"உறையையா குடுத்தாரு?" என்றாள். "சின்ன வயசுல இது மாதிரி உறையை நான் தொட்டாலே, கை கழுவினியான்னு கேட்டு அடிப்பாரு."

"செவ்வாக்கிழமை வராராம்" என்றார் நீதிபதி. "உக்காந்து கேக்கணுமாம்."

அவள் உள்ளே போய், குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.